போனைக் கொடுக்காமல் பொறுப்பைக் கொடுப்பது

குறுவை அறுவடை தொடங்கிவிட்டால், அரசு வேலைகளை இணையத்தில் செய்துகொடுக்கும் எங்கள் கடைக்கு வருபவர்களில் பாதிப்பேர் போனை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் அடைத்திருக்கும் நேரத்தில் கூட்டம் இன்னும் கூடும். எப்படியும் நிற்கத்தானே வேண்டும், அதற்குள் வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று வண்டியை ஓரம்கட்டிவிட்டு வருவார்கள். கொள்முதல் நிலையத்துக்கு ஆன்லைனில் பதிவு, சிட்டா நகல், பயிர்க் காப்பீடு, பி.எம். கிசான் இ-கேஒய்சி, வருமானச் சான்று என்று வேலைகள் வரிசையாக இருக்கும். பெரும்பாலானவற்றுக்கு ஓ.டி.பி. வரும். "நீயே பார்த்துப் போட்டுக்கொள் பாப்பா" என்பார் பெரியப்பா முறையில் இருக்கும் ஒருவர். போனுக்குப் பூட்டு இருந்தால் அதைத் திறக்கும் நான்கு எண்ணையும் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் போவார்.

என்மேல் அவர்கள் வைத்திருக்கும் நம்பிக்கை எனக்குப் பெரிது. அதனாலேயே இந்த ஏற்பாடு என்னை உறுத்துகிறது. அந்தப் போன் என் கையில் இருக்கும் நேரம் முழுவதும் நான் அவராகவே ஆகிவிடுகிறேன். காப்பீட்டுக்கு வரும் ஆறு இலக்கமும் வங்கியிலிருந்து வரும் ஆறு இலக்கமும் பார்வைக்கு ஒன்றுதான். இந்தப் பக்கம் விசைப்பலகையில் கை வைத்திருப்பது பெரியப்பாவா நானா என்று சர்வருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் வைக்கவில்லை. பதிவேட்டில் எல்லாம் அவரே செய்ததாகத்தான் இருக்கும். நாளைக்கு ஏதாவது ஏடாகூடமாகப் போனால், தான் செய்யவில்லை என்று காட்ட அவரிடமும் ஆதாரம் இல்லை, நான் இதை மட்டும்தான் செய்தேன் என்று காட்ட என்னிடமும் ஆதாரம் இல்லை.

ஓ.டி.பி.யோடு சேர்ந்தே "யாரிடமும் பகிர வேண்டாம்" என்ற வரியும் வருகிறது. ஆனால் டெல்டாவில் இணையத்தில் நடக்கும் அரசு வேலைகளில் பெரும்பகுதி அதைப் பகிர்வதால்தான் நடக்கிறது. பேத்தியிடம் சொல்கிறார்கள், இ-சேவை மையத்தில் சொல்கிறார்கள், வி.ஏ.ஓ. அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கும் பையனிடம் சொல்கிறார்கள். இப்படி வாரம் ஒருமுறை யாரிடமாவது எண்ணைச் சொல்லிப் பழகியவரிடம், வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று ஒருவன் கேட்டால் அவர் ஏன் சந்தேகப்பட வேண்டும்? பக்கத்து ஊரில் அப்படித்தான் ஒருவர் பயிர்க்கடனைத் திருப்பிக் கட்ட வைத்திருந்த பணத்தை இழந்தார். அவரை ஏமாளி என்று பேசியவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பழக்கத்தை அவருக்கு ஊட்டியது நாம் எல்லோரும் சேர்ந்து நடத்தும் ஏற்பாடு.

இந்த ஏற்பாடு ஒவ்வொருவரும் தனி ஆளாக, தன் கையால், தன் போனில் எல்லாவற்றையும் செய்துகொள்வார் என்று எண்ணிக் கட்டப்பட்டது. நம் ஊரில் எவரும் அப்படி வாழவில்லை. அண்ணன் சிங்கப்பூரில், நிலம் கோரையாற்றுப் பாசனத்தில், பயிர் பார்ப்பது தம்பி, வங்கிக் கணக்கு அம்மா பெயரில். ஒருவர் சார்பில் இன்னொருவர் செய்வதுதான் இங்கே அன்றாடம். அதற்கு நம்மிடம் பழைய, நல்ல கருவியும் இருக்கிறது. பவர் பத்திரம். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்புகிறார். ஊருக்கு வந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டுகிறோம். பொது பவர் கொடுக்கலாம், ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் தனி பவரும் கொடுக்கலாம். எந்தச் சர்வே எண், என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று பத்தி பத்தியாக எழுதுகிறோம். பவர் வாங்கியவர் கையெழுத்திடும்போது தன் பெயரில்தான் போடுகிறார், "இன்னாருக்காக, அவருடைய முகவர்" என்று எழுதி. அண்ணனின் கையெழுத்தைத் தம்பி போட்டால் அது மோசடி. ஆனால் அண்ணனின் ஓ.டி.பி.யைத் தம்பி போட்டால் அது அன்றாடம்.

அடையாளத்தைக் கொடுக்காமல் அதிகாரத்தை மட்டும், அதுவும் அளவாக, கொடுக்க இணையத்தில் ஒரு வழி வேண்டும். அந்த வழி இருக்கிறது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கிரிப்டோ நாணயங்களுக்காகச் செய்யப்பட்ட சாவிகளில் அது இருக்கிறது.

கிரிப்டோ என்றதும் முகம் சுளிப்பவர்களை நான் அறிவேன். நாணயத்தை வாங்கு, விலை ஏறும் என்று ஊர் ஊராக ஆள் பிடித்தவர்களால் வந்த சுளிப்பு அது, நியாயமானது. நான் நாணயத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒரு காசும் வாங்காமல், ஒரு காசும் செலவழிக்காமல் அந்தச் சாவியைப் பயன்படுத்த முடியும். 2022 முதல் இங்கே கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி இருக்கிறது. சாவியால் ஒரு செய்தியில் கையொப்பமிடுவது நாணயப் பரிமாற்றமே அல்ல என்பதால் அந்த வரிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

சாவி என்பது என்ன? 78 இலக்கம் வரை நீளக்கூடிய ஓர் எண், குருட்டுவாக்கில் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதுதான் ரகசியச் சாவி. அதிலிருந்து கணக்குப் போட்டு இன்னோர் எண்ணைப் பெறலாம், அது பொதுச் சாவி. பொதுச் சாவியை வைத்துக்கொண்டு ரகசியச் சாவியைத் திரும்பக் கண்டுபிடிக்க நடைமுறையில் முடியாது. ரகசியச் சாவியால் ஒரு செய்தியில் கையொப்பமிட்டால், அது சரிதானா என்று பொதுச் சாவியை வைத்து யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம். இந்த எண்ணத்தை டிஃபி, ஹெல்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 1976இல் வெளியிட்டார்கள். 2009இல் பிட்காயின் என்ற கிரிப்டோ நாணயம் வந்தது, 2015இல் எத்தீரியம் என்ற இன்னொரு கிரிப்டோ வலையமைப்பு வந்தது. அவற்றின் தயவால், அதுவரை பெரும்பாலும் நிறுவனங்களிடமும் நிபுணர்களிடமும் இருந்த இந்தச் சாவி, கோடிக்கணக்கான சாதாரண மக்களின் போனுக்குள் வாலெட் என்ற பெயரில் வந்து உட்கார்ந்தது. கிரிப்டோ உலகம் நமக்குச் செய்த உருப்படியான காரியம் என்று நான் கருதுவது இதைத்தான்.

இதை வைத்து ஒரு தளத்துக்குள் நுழைவது எப்படி என்று சொல்கிறேன். தளம் முதலில் ஒரு செய்தியை அனுப்புகிறது. அதில் தளத்தின் முகவரி, உங்கள் வாலெட் முகவரி, நேரம், எப்போது காலாவதி ஆகும் என்ற விவரம், அந்த ஒரு முறைக்கு மட்டும் உருவாக்கிய ஏதோ ஒரு எழுத்துக் கோவை ஆகியவை இருக்கும். வாலெட் அதைத் திரையில் காட்டும். நீங்கள் சம்மதித்தால் போனுக்குள்ளேயே கையொப்பம் உருவாகி, கையொப்பம் மட்டும் தளத்துக்குப் போகும். ரகசியச் சாவி போனை விட்டு வெளியே வருவதில்லை. எத்தீரியம் சாவிகளில் இன்னொரு வசதி: செய்தியும் கையொப்பமும் இருந்தால் பொதுச் சாவியையும் அதிலிருந்து முகவரியையும் கணக்கிட்டே எடுத்துவிடலாம். ஆகவே தளத்திடம் கடவுச்சொல் என்று எதுவும் சேமித்துவைக்க வேண்டியதில்லை. தளத்தை எவனாவது உடைத்து உள்ளே போனாலும் கடவுச்சொல் திருட அங்கே ஒன்றும் இருக்காது.

ஒரு முறைக்கு மட்டுமான அந்த எழுத்துக் கோவை இருப்பதால், நேற்றைய கையொப்பத்தை இன்றைக்குக் கொண்டுவந்து நீட்ட முடியாது. தளத்தின் முகவரி செய்திக்குள்ளேயே இருப்பதால், போலித் தளம் வாங்கும் கையொப்பம் உண்மையான தளத்தில் செல்லாது. உண்மையான தளத்தின் முகவரியைத் திருடி எழுதியிருந்தால் நல்ல வாலெட் அதைக் கண்டு எச்சரிக்கும். இந்தச் செய்தியின் வடிவத்துக்கு 2021இல் ஒரு பொது வரையறை வகுத்தார்கள். இஐபி-4361 என்று பெயர்.

அந்த வரையறையில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. செய்தியில் "எதற்காக இந்தக் கையொப்பம்" என்று மனிதர் படிக்க ஒரு வரி எழுத இடம் இருக்கிறது. அந்த வரி ஆஸ்கி என்ற ஆங்கில எழுத்துத் தொகுதியில் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அதாவது தமிழில் எழுதக் கூடாது. பெரியப்பா கையொப்பமிடப் போகும் வரியை அவரால் படிக்க முடியாது. வாசிக்கத் தெரியாத தாளில் கைநாட்டு வாங்கி நிலத்தை எழுதிக்கொண்ட கதைகள் இந்த ஜில்லாவில் எத்தனை தலைமுறையாகப் பேசப்படுகின்றன! அதே காரியத்தைப் புதிய கருவியில் மறுபடி செய்வதற்கு நான் உடந்தையாக இருக்க மாட்டேன். ஆகவே உள்நுழைவுக்கு அந்த வடிவத்தையும், பொறுப்பை ஒப்படைக்கும் சீட்டுக்கு வாலெட்டின் சாதாரணச் செய்திக் கையொப்பத்தையும் வைத்துக்கொண்டேன். அதில் தமிழ் எழுதலாம். அப்படிக் கையொப்பமிடும் செய்திகளின் முன்னால் வாலெட் ஒரு முன்னொட்டைச் சேர்த்துவிடுகிறது. செய்தி என்று காட்டிப் பணப் பரிமாற்றத்தில் கையொப்பம் வாங்கிவிடாதபடி காப்பது அந்த முன்னொட்டுதான்.

இதெல்லாம் எங்கே நடக்கிறது என்று சொல்லவில்லையே. எங்கள் பகுதி உழவர் குழு அறுவடை இயந்திரமும் நடவு இயந்திரமும் பொதுவில் வைத்திருக்கிறது. யாருக்கு எந்த நாள், எத்தனை மணி நேரம், வாடகை பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் முன்பு ஒரு நீளமான கணக்கு நோட்டில் இருந்தது. மழைக்கு முன் அறுத்தாக வேண்டிய வாரத்தில் அந்த நோட்டால் வந்த சண்டைகள் கொஞ்சம் அல்ல. "நான் அந்தத் தேதியை விட்டுக்கொடுக்கவில்லை, என் மச்சான்தான் சொன்னான்" என்பார் ஒருவர். மச்சானுக்கு அந்த உரிமை இருந்ததா என்பது யாருக்கும் தெரியாது. நானும் சித்தி மகனும் சேர்ந்து அதற்கு ஒரு தளம் எழுதினோம். உள்நுழைவு முழுக்கச் சாவியால்தான்.

சாவி யோசனை எனக்கு வேறோர் இடத்தில் தோன்றியது. கடை வைப்பதற்கு முன் கும்பகோணத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அங்கே ஒரு டிராயர் இருந்தது. அதைத் திறந்தால் உள்ளே யு.எஸ்.பி. டோக்கன்கள், நீலத்திலும் கறுப்பிலும், ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பேப்பர் ஒட்டி, அதில் பாத்திரக்கடை முதலாளியின் பெயர், அரிசி ஆலைக்காரர் பெயர், சீட்டுக் கம்பெனி இயக்குநர் பெயர், பெயருக்குக் கீழேயே பேனாவால் பின் நம்பர். டி.எஸ்.சி. என்று சொல்லும் டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் அவற்றுக்குள் இருந்தது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அது சட்டபூர்வமான கையொப்பம். அதற்குள் இருப்பதும் ரகசியச் சாவி, பொதுச் சாவி என்ற அதே இணைதான். உடைக்க முடியாத கணிதம். அதை வைத்துக்கொண்டு ஊரில் பாதி வியாபாரிகளின் கையொப்பத்தையும் ஒரு டிராயரில் போட்டு, டிராயர் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். அந்த வியாபாரிகள் கவனக்குறைவானவர்கள் என்று நான் நினைக்கவில்லை. வரிக் கணக்கு தாக்கல் செய்யும் வேலையை மட்டும் ஆடிட்டரிடம் கொடுக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் தேவை. கையொப்பம் முழுவதையும் கொடுத்தால்தான் அந்த வேலை சுலபமாக நடக்கும் என்ற நிலை. கொடுத்தார்கள்.

அந்த டிராயருக்கு மாற்று என்ன? எங்கள் தளத்தில் நடப்பதைச் சொல்கிறேன். அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார், அவர் போனில் அவர் சாவி. தம்பி ஊரில், அவர் போனில் அவருக்கென்று தனிச் சாவி. அண்ணன் ஒரு சீட்டில் கையொப்பமிட்டு அனுப்புகிறார். அந்தச் சீட்டு வாலெட் திரையில் தமிழில் இப்படி வரும்:

"இந்த முகவரிக்கு உரிய என் தம்பி, என் சார்பில், என் பெயரில் உள்ள ஆறு மா நிலத்துக்கு அறுவடை இயந்திரம் பதிவு செய்யவும் தேதி மாற்றவும் சம்மதிக்கிறேன். வாடகை ரூ. 10,000 வரை ஒப்புக்கொள்ளலாம். என் வங்கி விவரத்தை மாற்ற அனுமதி இல்லை. மாசி முடிய மட்டும் செல்லும். இதை வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம்."

தம்பி இயந்திரம் பதிவு செய்யும்போது தன் சாவியால் கையொப்பமிடுகிறார், அண்ணனின் சீட்டையும் இணைத்து அனுப்புகிறார். சர்வர் இரண்டு கையொப்பங்களையும் சோதிக்கிறது. சீட்டு அண்ணனுடையதா, கேட்பவர் சீட்டில் சொல்லப்பட்ட அதே சாவிக்காரரா, கேட்ட வேலை சீட்டின் வரம்புக்குள் இருக்கிறதா, தேதி தாண்டவில்லையே என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்கிறது. பதிவேட்டில் "அண்ணனுக்காகத் தம்பி" என்று இரண்டு பெயரும் ஏறும். அண்ணனின் போனோ கடவுச்சொல்லோ ஓ.டி.பி.யோ எங்கும் பயணப்படவில்லை. சிங்கப்பூரில் நள்ளிரவில் அவரை எழுப்பி "நம்பர் வந்திருக்கிறதா பார்" என்று கேட்க வேண்டியதும் இல்லை.

சீட்டின் கடைசி வரியைக் கவனித்திருப்பீர்கள். தம்பி அன்றைக்கு மன்னார்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்றால், அவர் என் கடைக்கு வந்து, அந்த ஒரு தேதியை மாற்றும் உரிமையை மட்டும் எனக்கு ஒரு நாளுக்குக் கொடுக்கலாம். என் சாவியால் நான் செய்கிறேன், என் பெயரும் பதிவேட்டில் மூன்றாவதாக ஏறுகிறது. ஆனால் தம்பியிடம் இல்லாத உரிமையைத் தம்பியால் எனக்குக் கொடுக்க முடியாது. அண்ணன் ரூ. 10,000 என்று வைத்த எல்லையைத் தம்பி ரூ. 5,000 ஆகக் குறைக்கலாம், ரூ. 15,000 ஆக்க முடியாது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது. அங்கே லஸ்கர் என்ற பாசன ஊழியர் ஷட்டரை எவ்வளவு தூக்குகிறாரோ அவ்வளவுதான் கோரையாற்றில் வரும். கீழே உள்ள மதகுக்காரர் அதைக் குறைத்து வாங்கலாமே தவிர கூட்டி வாங்க முடியாது. அதிகாரமும் அப்படி மேலிருந்து கீழே போகப்போகக் குறுக மட்டுமே வேண்டும். கூகுள் ஆய்வாளர்கள் 2014இல் மாக்கரூன் என்ற பெயரில் இதே குணமுள்ள அனுமதிச் சீட்டை விவரித்தார்கள்: நிபந்தனைகளைச் சேர்க்கலாம், இருக்கும் நிபந்தனையை நீக்க முடியாது. யுகான் என்ற வடிவம் அந்த எண்ணத்தைப் பொதுச் சாவிகளுக்குக் கொண்டுவந்தது. நாங்கள் எழுதியது அதன் எளிய வடிவம்.

கடவுச்சொல்லுக்குப் பதிலாக வந்திருக்கும் பாஸ்கீ இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2022 முதல் கொண்டுவரும் பாஸ்கீயிலும் இதே வகைச் சாவிதான் உள்ளே வேலை செய்கிறது. மின்னஞ்சலுக்கும் கடைத் தளங்களுக்கும் பாஸ்கீயைத்தான் பயன்படுத்துங்கள் என்று நானே எல்லோருக்கும் சொல்கிறேன். விரலை வைத்தால் திறக்கிறது, போலித் தளத்தில் வேலையே செய்யாது. ஆனால் பாஸ்கீ அந்தந்தத் தளத்தோடு கட்டப்பட்டது. தளம் கேட்கும் உள்நுழைவுக்குப் பதில் சொல்லும். "என் தம்பிக்கு இதைச் செய்ய அனுமதிக்கிறேன்" என்று நாம் எழுதிய ஒரு சீட்டில் அதைக் கொண்டு கையொப்பமிட்டு இன்னோர் இடத்தில் காட்ட முடியாது. நுழையும் வேலைக்கு அது மிக நல்லது. சார்பாளரை நியமிக்கும் வேலைக்கு வாலெட் சாவி வேண்டும். "இந்தக் கணக்கை வைத்து உள்ளே வரவும்" என்ற பொத்தான்களுக்குப் பின்னால் இருக்கும் ஓஆத் முறையிலும் அனுமதி வழங்குவது உண்டு. அது முக்கியமாகச் செயலிகளுக்காக வகுக்கப்பட்டது, மச்சானுக்காக அல்ல.

இப்போது எச்சரிக்கைகள். இவற்றைச் சொல்லாமல் யாரையும் இந்தப் பக்கம் அழைக்க எனக்கு மனம் வராது.

பணம் வைத்திருக்கும் சாவியை உள்நுழைவுக்குப் பயன்படுத்தவே கூடாது. எத்தீரியத்தில் ஒவ்வொரு முகவரியின் இருப்பும் வரவு செலவும் எல்லோரும் பார்க்கும்படி திறந்தே கிடக்கின்றன. அந்த முகவரியோடு ஒரு தளத்துக்குள் போனால், பாஸ் புக்கைப் பிரித்து நீட்டியபடி போனதாக ஆகும். ஒரே முகவரியைப் பத்துத் தளங்களில் பயன்படுத்தினால் பத்தையும் இணைத்து உங்களைப் பின்தொடர்வதும் எளிது. இதற்காகவே, பிட்காயினை வேகமாக அனுப்ப உதவும் லைட்னிங் வலையமைப்பில் உள்ள உள்நுழைவு முறை தளத்துக்கு ஒரு சாவி என்று தானாகவே பிரித்து உருவாக்கிக்கொள்கிறது. எத்தீரியத்தில் அதை நாமே செய்ய வேண்டும். எங்கள் குழுவில் எல்லோருக்கும் புதிய, காலியான வாலெட்தான். அதில் ஒரு பைசா போடக் கூடாது என்பது விதி. 2025 மே மாதம் எத்தீரியத்தில் வந்த பெக்ட்ரா என்ற மேம்பாட்டுக்குப் பிறகு இந்த விதி இன்னும் அவசியம். இப்போது ஒரே ஒரு கையொப்பத்தில் கணக்கின் இயக்கம் முழுவதையும் ஒரு நிரலிடம் ஒப்படைக்க முடிகிறது. நல்லவர் கையில் அது வசதி, கள்வன் கையில் அது கொள்ளை. காலியான வாலெட்டில் கொள்ளையடிக்க ஒன்றும் இல்லை.

அடுத்தது தொலைந்துபோவது. ஓ.டி.பி.க்கு சிம் தொலைந்தால் கடைக்குப் போய் வேறு சிம் வாங்கலாம். சாவி தொலைந்தால் எந்த அலுவலகத்திலும் மறு நகல் கிடையாது. அதற்காகத்தான் வாலெட் தொடக்கத்திலேயே பன்னிரண்டு சொற்களைக் கொடுத்து எழுதிவைக்கச் சொல்கிறது. 2,048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து அவை வருகின்றன. ஜப்பானியம், கொரியம், செக் எல்லாவற்றிலும் அந்தப் பட்டியல் உண்டு. தமிழில் இல்லை. ஆங்கிலம் எழுதத் தெரியாத ஒருவர் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களைப் பிழையில்லாமல் எழுதி வைப்பார் என்று எதிர்பார்ப்பது அநியாயம். ஆகவே பட்டியலில் அந்தச் சொல் எத்தனையாவது என்ற எண்ணை எழுதிவைக்கச் சொல்கிறேன். அபாண்டன் என்ற முதல் சொல் 1, ஸூ என்ற கடைசிச் சொல் 2048. பன்னிரண்டு எண்கள். எண்ணை நம் மக்கள் தவறாக எழுத மாட்டார்கள். நெல் மூட்டைக் கணக்கு எழுதிய கைகள்.

எதில் எழுதுவது? பேப்பரில் எழுத நான் விடுவதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தில் கரையேறியபோது எங்கள் உறவுக்காரர்கள் வீட்டில் பட்டா, ரேஷன் கார்டு, பள்ளிச் சான்று எல்லாம் கூழாகிப் போனதைப் பார்த்தவள் நான். எவர்சில்வர் தட்டில் பொறித்துவிட்டால் தண்ணீரும் கரையானும் ஒன்றும் செய்யாது. பாத்திரக்கடையில் பேர் வெட்டிக் கொடுப்பார்களே, அதே பொறிக்கும் கருவி கையடக்கமாகக் கிடைக்கிறது. ஆனால் கடைக்காரரிடம் கொடுத்து வெட்டக் கூடாது, அந்த எண்களை அவரும் பார்த்துவிடுவார். என் கடையில் ஒரு கருவி இருக்கிறது. நான் வெளியே போய்விடுகிறேன், அவர்களே உட்கார்ந்து ஒரு சின்னத் தட்டின் அடியில் பொறித்துக்கொள்கிறார்கள். கொஞ்சம் கோணலாக வரும். படிக்க முடிந்தால் போதும்.

தட்டும் போய்விட்டால்? குழுத் தளத்தில் ஒவ்வொருவரும் மூன்று காவலர்களைச் சொல்லிவைக்க வேண்டும். தங்கை, மாமன், பக்கத்து வயல்காரர் என்று ஒரே வீட்டில் இருவர் வராதபடி பிரித்து வைக்கச் சொல்கிறோம். மூவரில் இருவர் தங்கள் சாவிகளால் கையொப்பமிட்டு "இவர்தான் அவர், இது அவருடைய புதிய சாவி" என்று சொன்னால் கணக்கு புதிய சாவிக்கு மாறும். எத்தீரியத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் புட்டரின் 2021இல் இத்தகைய மீட்பு முறையை வலியுறுத்தி எழுதினார். நம் ஊரில் அடையாளம் காட்டச் சாட்சி இரண்டு பேர் வேண்டும் என்று பத்திரப்பதிவு அலுவலகத்தில் எப்போதும் கேட்பதுதான். எங்கள் பெரியவர்கள் இந்த ஏற்பாட்டை ஒரு முறை சொன்னதுமே பிடித்துக்கொண்டார்கள்; ரகசியச் சாவியை விளங்க வைக்கத்தான் நேரமானது.

சட்டத்தின் எல்லையையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் கையொப்பமிட்ட சீட்டு எங்கள் குழுவின் விதிகளுக்குள் செல்லும். அதை எடுத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தபோதே பவர் பத்திரத்தையும் உயிலையும் தன் வரம்பிலிருந்து விலக்கி வைத்தது. வங்கிகள் போன்ற நிதி நிறுவனங்கள் சம்பந்தப்பட்ட சிலவற்றுக்கு 2022இல் தளர்வு வந்தது. சாதாரணக் குடும்பத்துக்கு அது உதவாது. நிலத்தை விற்பதற்கு ஸ்டாம்பு பேப்பரும் சாட்சியும் நேரில் வருவதும் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. காப்பீட்டுப் பதிவுக்கும் சிட்டா நகலுக்கும் கொள்முதல் தேதிக்கும், என்னைப் போன்ற மையக்காரர்கள் தங்கள் பெயரிலேயே, விவசாயி கொடுத்த வரம்புக்குள் செய்யும்படி அரசுத் தளங்களில் ஒரு வழி வைத்தால் போதும். அது கிரிப்டோ சாவியாக இருக்க வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. பெரியப்பாவின் போன் அவர் சட்டைப் பையிலேயே இருக்க வேண்டும்.

நாங்கள் இன்னும் முடிக்காத பகுதி ஒன்று இருக்கிறது. பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் சாதாரணமாக அந்தப் பவரும் அன்றோடு முடிந்தது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கும் விதி. ஆனால் கையொப்பமிட்ட சீட்டுக்கு மரணம் தெரியாது. காலாவதித் தேதி வரும்வரை அது செல்லும். அதனால்தான் எந்தச் சீட்டும் ஒரு பருவத்துக்குமேல் செல்லாது என்று வைத்தோம், சம்பாவுக்குக் கொடுத்தது மாசியோடு போய்விடும். அது போதாது. இப்போது எழுதிக்கொண்டிருப்பது இதுதான்: காவலர்களில் இருவர் கையொப்பமிட்டால் கணக்கு உறையும், அவர் கொடுத்த சீட்டுகள் எல்லாம் அந்த நொடியே செல்லாமல் போகும், காவலர்கள் உட்பட எவராலும் அதிலிருந்து எதையும் எடுக்க முடியாது. வயலில் நிற்கும் பயிரை அறுக்க ஏற்கெனவே பதிவான இயந்திரத் தேதி மட்டும் குழுச் செயலாளர் பொறுப்பில் நடக்கும். தாசில்தாரிடமிருந்து வாரிசுச் சான்று வந்த பிறகு வாரிசின் சாவி ஏறும். காவலர்கள் இருவரும் ஒரே கட்சியாகச் சேர்ந்து, உயிரோடு இருப்பவரின் கணக்கை உறைய வைத்தால் என்ன செய்வது என்பதில் சித்தி மகனுக்கும் எனக்கும் இன்னும் வாதம் ஓயவில்லை. கணக்குக்காரரின் சொந்தக் கையொப்பம் ஒன்று வந்தாலே உறைவு விலக வேண்டும் என்கிறேன் நான். இறந்தவரின் போன் வேறொருவர் கையில் இருந்தால் என்கிறான் அவன்.